டேபிளைச் சுத்தி அஞ்சடி

கோவம் வந்தா எனக்கு வார்த்த தடிச்சிப் போவும்னு எங்க வூட்டுக்காரரு பாக்குறவங்க கிட்டலாம் சொல்லிக்கினு இருக்காரு. சொல்லட்டும். அந்த டேபிள் எங்க வூட்டுக்கு வந்த கதைய மொதல்ல கேளுங்க. அப்புறம் நீங்களே சொல்லுங்க, தடிக்குமா தடிக்காதான்னு.

கள்ளக்குறிச்சியில நாங்க வூடு கட்ட ஆரம்பிச்சப்ப நான் வாய் தொறந்து கேட்டது ஒண்ணுதான். கீழ எங்கம்மாவுக்கு ஒரு ரூம், அதுக்குள்ளயே ஒரு பாத்ரூம். அப்பா போனதுக்கப்புறம் எங்கம்மா நைனார்பாளையத்துல தனியா இருந்துச்சு. முட்டி ரெண்டும் தேஞ்சி போச்சு. ஒரு மழ நாள்ல தோட்டத்துப் பக்கம் ஒதுங்கப் போயி வழுக்கி வுழுந்துடுச்சு. பக்கத்து வூட்டுக்காரங்க தூக்கி உக்கார வச்சிட்டு எனக்கு போன் பண்ணாங்க. நான் ஒரே பொண்ணு. கூடப் பொறந்ததுன்னு யாரும் கெடையாது.

மருமவன் வூட்டுல மாமியா போயி ஒக்காந்துக்கினு இருக்கறதான்னு சொந்தக்காரங்க பேசுவாங்கன்னு எங்கம்மாவுக்கு பயம். எங்க வூட்டுக்காரருதான், "அத்த தாராளமா வரட்டும், நம்ம வூடு தான"ன்னாரு. மனசாரதான் சொன்னாரு. அதுலதான் எனக்கு ஜாஸ்தி எரிச்சல். கெட்ட மனுசனா இருந்தா ரெண்டு திட்டு திட்டிட்டு வுட்டுடலாம். இவரு நல்லவரு. நல்லவரா இருந்துக்கினே இவ்ளோ பண்ணாரு.

அவரு உரக்கட வச்சிருக்காரு. வெள்ளிமலைக்கு லோடு ஏத்திக்கினு அடிக்கடி போவாரு. அங்க யாரோ டூரிஸ்டுங்களுக்குன்னு லாட்ஜ் மாதிரி ஒண்ணு கட்டி, ஆள் வராம இழுத்து மூடிட்டாங்க. கட்டிலு, பீரோலாம் வித்துக்கினு இருந்தாங்க. இவரு கட்டிலு பாக்கப் போனாரு, எங்கம்மாவுக்குத்தான். திரும்பி வரும்போது மினிலாரியில பூல் டேபிள் வந்துச்சு. பச்சத் துணி போட்டு, ஆறு ஓட்ட வச்சி, பந்த குச்சியால தள்ளி ஓட்டையில போடுற டேபிளு. அதுக்கடியில கல்லுப்பலக வேற. மலையில அத்தன வளைவையும் அது ஒரு கீறலு இல்லாம எறங்கி வந்துடுச்சு. கட்டிலு வர்ல.

"கட்டிலு எங்க?"ன்னு கேட்டேன்.

"கட்டிலு எங்க வேணாலும் கெடைக்கும். இது கெடைக்குமா?"ன்னாரு.

அப்ப வாடக வூட்டுல இருந்தோம். வாசல்ல தார்ப்பாயி போட்டு மூடி வச்சோம். போறவன் வர்றவன் எல்லாம் தூக்கிப் பாத்துட்டுப் போவான். அவருக்கு ஒரே பெரும. கட கடையா போயி, "நம்ம வூட்டுல பூல் ரூம் வருது"ன்னு சொல்லிட்டு வந்தாரு. எங்கம்மா ரூம் வருதுன்னு ஒருத்தங்க கிட்டயும் சொன்ன மாதிரி தெரியல.

மனையில பின்பக்கம் குறுக்க இருவத்திரெண்டு அடி இருந்துச்சு. பாதி பாதியா பிரிச்சோம். பதினொண்ணு எங்கம்மாவுக்கு, பதினொண்ணு டேபிளுக்கு. பதினொண்ணு நல்ல அளவுன்னு மனையடி சாஸ்திரம் பாத்து மேஸ்திரி சொன்னாரு. எங்க பக்கம் இந்த சாஸ்திரம் பாக்காம ஒருத்தன் மாட்டுக்கொட்டா கூட கட்ட மாட்டான். எனக்கு அதுல சண்ட இல்ல. சரின்னுட்டேன்.

டேபிளோட அகலத்த டேப் புடிச்சி அளந்தாரு. நாலரை அடி சொச்சம். "ரெண்டு பக்கமும் மூணு மூணு அடி மிஞ்சுது, ஆளு தாராளமா நடக்கலாம்"னாரு. சாப்பாட்டு மேசைக்கு எடம் பாக்குற மாதிரி பாத்துட்டாரு. அந்த குச்சி எவ்ளோ நீளம்னு அவரும் யோசிக்கல, மேஸ்திரியும் யோசிக்கல.

செவுரு மார் ஒசரம் வந்தப்ப அவரோட கூட்டாளி ஒருத்தரு வந்தாரு, ரைஸ்மில்லு வச்சிருக்கறவரு. குச்சிய கையில எடுத்து, டேபிள் நிக்கப் போற எடத்துல குனிஞ்சி, ஒரு தரம் பின்னால இழுத்தாரு. குச்சி செவுத்துல டொக்குனு இடிச்சிச்சு. "இன்னாப்பா இது, குச்சி ஆடவே எடம் இல்லயே. சுத்தி அஞ்சடியாவது வேணாமா?"ன்னாரு.

எங்க வூட்டுக்காரரு மூஞ்சி செத்துப் போச்சு. அன்னிக்கு நான் மனசுக்குள்ள சிரிச்சேன். பொய் சொல்ல மாட்டேன், நல்லாவே சிரிச்சேன். டேபிள வித்துடுவாருன்னு நெனச்சிட்டேன்.

மறுநாளு போயி பாத்தா செவுத்த இடிச்சிக்கினு இருக்காங்க. எங்கம்மா ரூம் பக்கமா தள்ளிக் கட்டப் போறாங்களாம்.

"அஞ்சடி முழுசா எதுக்கு, ஒரு பக்கத்துக்கு ஒண்ணே கால் அடி ஏத்துனா குச்சி ஆடாதா? மொத்தம் ரெண்டரை அடி தள்ளுங்க, போதும்"ன்னேன். அதுக்கே எனக்கு வயிறு எரிஞ்சுது. அப்பவும் எறங்கி வந்துதான் பேசுனேன்.

மேஸ்திரி தலைய ஆட்டுனாரு. "பதிமூணு பதிமூணரை எல்லாம் ஆவாதும்மா. பக வளரும். பதினொண்ண வுட்டா அடுத்த நல்ல அளவு பதினாறு தான்."

"பக இப்பவே வளந்து எதிர்லதான் நிக்குது, நல்லா பாத்துக்கங்க"ன்னேன்.

எங்க வூட்டுக்காரரு என் பக்கம் திரும்பவே இல்ல. விரலு வுட்டு கணக்கு போட்டாரு. இருவத்திரெண்டுல பதினாறு போனா ஆறு. "ஆறும் நல்ல அளவுதான், இல்ல மேஸ்திரி?"ன்னு கேட்டாரு. ஆமாம், ஆறு உத்தமம்னாரு மேஸ்திரி. அவ்ளோதான். எங்கம்மாவுக்கு உத்தமமா ஆறடி ஒதுக்கியாச்சு.

குட்ட குச்சி கெடைக்குமாம், எடம் கம்மியா இருக்குறவங்க அத வச்சி வெளாடுவாங்களாம், அந்த ரைஸ்மில்லுக்காரரே சொன்னாரு. அத வாங்குங்கன்னு கால்ல வுழாத கொறையா கெஞ்சுனேன். "சின்னப் பசங்க வெளாடுற குச்சி அது. நாலு பேரு வந்தா சிரிக்க மாட்டான்?"ன்னாரு. மாமியாள சந்துல படுக்க வச்சா எவனும் சிரிக்க மாட்டான் பாருங்க.

ஆறடியில பாத்ரூம் எங்க வைக்கிறது? அத தூக்கி பூல் ரூமத் தாண்டி கூடத்தோரமா கொண்டு போயிட்டாங்க. எங்கம்மா ரூமுக்கு ரெண்டு பக்கம் அடுத்தவங்க மன, முன்னால மாடிப்படி. வாசக்கால் வைக்க வேற செவுரு இல்ல. அதனால கதவத் தொறந்தா நேரா டேபிளு. டேபிள சுத்திக்கினு போனாத்தான் பாத்ரூம். பாத்ரூமுக்கு மட்டும் இல்ல, கூடத்துக்கு வர்றதுன்னாலும் அதே வழிதான்.

நான் பேசாம இருந்துருப்பேன்னு நெனைக்காதீங்க. செவுரு ஏறுற வரைக்கும் தெனமும் சண்ட. அப்புறம் சமைக்கறத நிறுத்திப் பாத்தேன், ஓட்டல்ல இட்லி வாங்கிக்கினு வந்து எனக்கும் சேத்து குடுத்தாரு. இப்பேர்ப்பட்ட மனுசன்கிட்ட எப்பிடி சண்ட போடறது?

குடி வந்தோம். எங்கம்மாவ கூட்டியாந்தேன். ரூமப் பாத்துட்டு மூஞ்சி சுளிக்கும், நாலு வார்த்த கேக்கும், அத வச்சி நானும் ஒரு ஆட்டம் ஆடலாம்னு காத்துக்கினு இருந்தேன். எங்கம்மா கட்டில தடவிப் பாத்துச்சு, ஃபேன போட்டுப் பாத்துச்சு. "எனக்கு இது போதாதா, இன்னாத்துக்கு பெருசு"ன்னுச்சு. எனக்கு வந்துது பாருங்க கோவம். இவங்க இப்பிடி போதும் போதும்னு சொல்லிச் சொல்லியே தான் ஆறடிக்கு வந்து நிக்குது.

"பாத்தியா, அத்தையே ஒண்ணும் சொல்லல. நீதான் குதிக்கிற"ன்னாரு அவரு.

ஞாயித்துக்கெழம ஆச்சுன்னா கூட்டாளிங்க வந்துடுவாங்க. மதியம் சாப்பிட்டு ஒக்காந்தா பொழுது சாயற வரைக்கும் பந்து சத்தம் தான். போவப் போவ மத்த நாள்லயும் யாராவது வந்து நின்னாங்க. நான் டீ போட்டுக் குடுப்பேன். எங்கம்மா கதவ சாத்திக்கினு உள்ளயே இருக்கும். தூங்குதுன்னு நெனச்சேன்.

ஒரு நாளு தல சுத்துதுன்னு செவுத்த புடிச்சிக்கினு நின்னுடுச்சு. ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னு ரொம்ப நேரம் கழிச்சி மெதுவா சொன்னுச்சு. ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு போனேன். டாக்டரம்மா சீட்டு எழுதிக்கினே, "ஏம்மா, தண்ணியே குடிக்கறதில்லயா?"ன்னு கேட்டாங்க. எங்கம்மா என் கையப் புடிச்சி, போலாம் வான்னுச்சு.

ஆட்டோவுல வரும்போது நான் வுடல. எங்கம்மா ரோட்டப் பாத்துக்கினே சொன்னுச்சு. "மதியத்துக்கு மேல குடிக்கறதில்ல டி. குடிச்சா போவணும். ஆம்பளைங்க குச்சி புடிச்சிக்கினு சுத்தி நிக்கறாங்க. அவங்க நடுவுல பூந்து எப்பிடி டி கக்கூசுக்குப் போறது?"

எனக்கு வந்தது அழுகையில்ல, கோவம். குச்சி பின்னால போறதுக்கு சுத்தி அஞ்சடி பாத்துப் பாத்து வுட்டாங்க. எங்கம்மா ஒண்ணுக்குப் போறதுக்கு அந்த வூட்டுல வழி இல்ல.

வந்த ஞாயித்துக்கெழம எல்லாரும் வெளாடிக்கினு இருந்தாங்க. எங்கம்மா ரூமுக்குப் போயி ஒரு செம்பு தண்ணி குடுத்து முழுசா குடிக்க வச்சேன். கூடவே ஒக்காந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சி கதவத் தொறந்து கையப் புடிச்சி கூட்டிக்கினு வந்தேன்.

எங்க வூட்டுக்காரரு டேபிள் மேல குனிஞ்சி ஒத்தக் கண்ண மூடிக்கினு குறி பாத்துக்கினு இருந்தாரு. தல தூக்காமலே, "அத்த, ஒரு நிமிசம் அப்பிடியே நில்லுங்க, இத அடிச்சிடறேன்"னாரு.

எங்கம்மா நின்னுடுச்சு. செவுத்தோட ஒட்டிக்கினு நின்னுடுச்சு.

நான் போயி அவரு குச்சிக்கு முன்னால இருந்த வெள்ளப் பந்த கையில எடுத்துக்கினேன். "அம்மா போவட்டும்"ன்னேன். குச்சிய மாருல அணச்சிக்கினு எல்லாரும் செவுத்தோரம் ஒதுங்குனாங்க. எங்கம்மா டேபிள் விளிம்ப புடிச்சிப் புடிச்சி நடந்து போச்சு. வெளிய வரும்போது அந்த ஆம்பளைங்கள நிமிந்து பாக்காமலே, "மன்னிச்சிக்கங்க தம்பி, உங்க வெளாட்ட கெடுத்துட்டேன்"னுச்சு.

ரைஸ்மில்லுக்காரரு குச்சிய செவுத்துல சாச்சி வச்சிட்டு, செருப்பு மாட்டிக்கினு போயிட்டாரு. மத்தவங்களும் பின்னாலயே போனாங்க. எங்க வூட்டுக்காரரு பந்துக்கு கைய நீட்டிக்கினு நின்னாரு.

நான் குடுக்கல. அந்த பந்து இல்லாம ஆட்டம் இல்ல. சேலத்துல புதுசு கெடைக்குமாம். வாங்கிக்கினு வரட்டும், அதையும் எடுத்துக்குவேன். எங்கம்மா ரூமுக்குள்ள பாத்ரூம் வர்ற வரைக்கும் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். எடத்துக்கு எங்க போறது, மனையடி ஒதைக்குமேன்னாரு. ஒதைக்கட்டும்னேன். ஆட்டம் நின்னு கொஞ்ச நாளு ஆவுது. கதவு தொறந்துதான் கெடக்கு. ஆனா எங்கம்மா இன்னும் மதியத்துக்கு மேல தண்ணி குடிக்க மாட்டேங்குது.