லூசி விடாத மோல் கணக்கு

"சயின்ஸ்ல கணக்குக் கேள்வியெல்லாம் விட்டுடும்மா. தியரிய மட்டும் மனப்பாடம் பண்ணு. பாஸ் மார்க் தானா வந்துடும்" என்றார் தலைமையாசிரியர் ரங்கநாதன்.

"பாஸ் மார்க் வேணும்னு நான் எப்ப சார் கேட்டேன்?" என்றாள் லூசி.

பக்கத்தில் நின்ற அப்பா மரியசெல்வம் மகளின் முழங்கையைப் பிடித்து லேசாக அழுத்தினார். பேசாதே என்று அர்த்தம். லூசி கையை உதறிக்கொண்டாள். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குச் சில நாட்களே இருந்தன. கண் தெரியாத பெண்ணுக்கு இந்தத் தொல்லை எதற்கு என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் ரங்கநாதன். அந்த நல்லெண்ணம்தான் லூசிக்குப் பிடிக்கவில்லை.

ஏழாம் வகுப்பு வரை அவளுக்குக் கண் தெரிந்தது. முதலில் போனது இருட்டில் பார்க்கும் பார்வை. மரியசெல்வம் செஞ்சிக்கும் அவலூர்பேட்டைக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சாயங்காலம் அவர் வண்டியில் ஊருக்குத் திரும்பும்போது, மற்றவர்கள் கண்ணுக்கு செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை இன்னும் தெரிந்துகொண்டிருக்கும். லூசிக்கு மட்டும் மலை இருந்த இடமே இருக்காது. பிறகு பகலிலும் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வந்தது. ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் வெளிச்சமா நிழலா என்று சொல்கிற அளவில் வந்து நின்றுவிட்டது. விழித்திரை நோய், மருந்து கிடையாது என்று புதுச்சேரியிலும் சொன்னார்கள், சென்னையிலும் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் யாராவது அவள் தலையில் கை வைப்பார்கள்.

"கண்ணுக்குப் பாதுகாவலியே புனித லூசியம்மாதான். அவுங்க பேரையே வெச்சிக்கினு இருக்கிற. அவுங்க பாத்துக்க மாட்டாங்களா?"

"அவுங்க பாத்துக்கட்டும். எனக்குப் பாடத்தப் படிச்சிக் காட்ட ஆள் வேணும். நீங்க வர்றீங்களா?" என்று லூசி கேட்பாள். கை சட்டென்று தலையிலிருந்து எடுபடும். அவளுடைய அம்மா விமலாவுக்கு முகம் சுருங்கிப்போகும்.

பள்ளிக்கூடம் செஞ்சியில் இருந்தது. அறிவியல் எடுத்தவர் கவிதா மிஸ். கெட்டிக்கார ஆசிரியை. ஆனால் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தும் பழக்கம். "இதை இதால பெருக்கி, இங்க கொண்டாந்து வெச்சி, இதால வகுத்தா இது வந்துடும்" என்பார். வகுப்பு மொத்தமும் தலையாட்டும்.

மோல் பாடம் தொடங்கிய முதல் நாள் லூசி பொறுத்துக்கொண்டாள். மறுநாள் எழுந்து நின்றாள்.

"மிஸ், 'இது'ன்னா எது?"

வகுப்பு சிரித்தது. கவிதா மிஸ் திரும்பிப் பார்த்து, "கொடுத்திருக்கிற எடைம்மா" என்றார்.

"'இதால'ன்னா?"

"மோலார் நிறை."

"'இங்க'ன்னா?"

கவிதா மிஸ்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "லூசி, பாடம் முடியட்டும். அப்புறமா தனியா வந்து கேளு."

"பாடம் முடிஞ்சா பெல் அடிச்சிடும் மிஸ். நீங்க அடுத்த கிளாஸுக்குப் போயிடுவீங்க. நானும் இந்த கிளாஸ்லதான இருக்கிறேன்?"

அந்த வாரம் முழுவதும் இதே தகராறு. 'இது' என்று வாயிலிருந்து வரும் ஒவ்வொரு முறையும் லூசி எழுந்தாள். பின் பெஞ்சுப் பையன்கள் அவளுக்கு 'எது' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவள் அசரவில்லை. கடைசியில் கவிதா மிஸ்தான் இறங்கி வந்தார். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "இருபத்தஞ்சு கிராம் வகுத்தல் நூறு கிராம்" என்று முழுசாக வாயால் சொல்லப் பழகினார். பாடம் மெதுவாக நகர்ந்தது. அதற்கும் சில பேர் முணுமுணுத்தார்கள்.

மோல் பாடம் அவளைப் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. டஜன் என்றால் பன்னிரண்டு என்பதுபோல மோல் என்பதும் ஓர் எண்ணிக்கை. என்ன, ஆறுக்குப் பின்னால் இருபத்துமூன்று இடங்கள் நீண்டு போகிற பிரம்மாண்டமான எண்ணிக்கை. ஒரு பொருளின் சூத்திரத்தைப் பிரித்து, அதிலுள்ள அணுக்களின் நிறைகளைக் கூட்டி, அத்தனை கிராம் எடுத்தால் அதற்குள் ஒரு மோல் மூலக்கூறு இருக்கும். இதைச் சொல்லி முடித்தபோது லூசி கேட்டாள்.

"மிஸ், இந்த மூலக்கூற யாராச்சும் பாத்திருக்காங்களா?"

"வெறுங்கண்ணால பாக்க முடியாதும்மா."

"அப்ப இந்தப் பாடத்துல எல்லாருமே என்ன மாதிரிதான்."

யாரும் சிரிக்கவில்லை. லூசி உட்கார்ந்தாள்.

வீட்டில் அவளுக்குக் கிடைத்த கருவி, கடையில் முட்டை அடுக்கித் தரும் குழிக்குழியான அட்டை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தனிமம். குழிகளில் மல்லாட்டைப் பயறை, அதாவது நிலக்கடலையை, அணுக்களாகப் போட்டுக்கொள்வாள். கால்சியம் கார்பனேட் என்றால் கால்சியம் வரிசையில் ஒன்று, கார்பன் வரிசையில் ஒன்று, ஆக்சிஜன் வரிசையில் மூன்று. நாற்பது, பன்னிரண்டு, நாற்பத்தெட்டு, கூட்டினால் நூறு. அலுமினியம் சல்பேட் மாதிரி அடைப்புக்குறி போட்ட சூத்திரம் வந்தால்தான் வம்பு. அடைப்புக்கு வெளியே இருக்கும் மூன்று உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் பெருக்கும் என்பதை விரலால் புரிந்துகொள்ள அவளுக்கு இரண்டு நாள் ஆனது. பன்னிரண்டு ஆக்சிஜனைக் குழிக்கு இரண்டாகப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்து தடவினால் எட்டுதான் இருந்தது.

"நைனா! ஆக்சிஜன தின்னுட்டியா?"

ஆட்டோவை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்திருந்த மரியசெல்வம் மெல்லுவதை நிறுத்தினார். "நாலே நாலு மல்லாட்டதான்மா. வறுத்து வெச்சிருக்கியேன்னு பாத்தேன்."

"நாலு போனா அது அலுமினியம் சல்பேட்டே இல்ல. வேற நாலு எடுத்து வை."

அவர் எடுத்து வைத்தார். அதன்பிறகு அட்டைப் பக்கம் கை நீட்டும்போதெல்லாம், "இது அணுவா, திங்கறதா?" என்று கேட்டுக்கொண்டார்.

அரையாண்டுத் தேர்வில் லூசி சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை உட்காரவைத்தார்கள். பயந்த பெண். கார்பன் மோனாக்சைடுக்கு லூசி "சி ஓ" என்றாள். அந்தப் பெண் 'ஓ'வைச் சின்ன எழுத்தில் எழுதிவிட்டது. சின்ன எழுத்தில் எழுதினால் அது கோபால்ட் என்கிற உலோகம். பத்தின் தலைமேல் ஏற வேண்டிய இருபத்துமூன்று, பத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆயிரத்து இருபத்துமூன்றானது. இப்படி எழுத்தில் போன மார்க்தான் அதிகம்.

விடைத்தாளைக் கொடுத்ததும் லூசி தன் வகுப்புத் தோழி தனகோட்டியிடம் அதை வரிக்கு வரி படித்துக் காட்டச் சொன்னாள். தனகோட்டி பனமலைப் பெண், விவசாயக் குடும்பம். படித்துக் காட்டிவிட்டு, "மிஸ்கிட்ட போய்ச் சொல்லு. பாவம்னு மார்க் போட்டுடுவாங்க" என்றாள்.

"பாவம்னு போட்டா அது யாரு மார்க்கு? எனக்குத்தான் சொல்லத் தெரியல. இனிமே எழுத்து எழுத்தா சொல்லுவேன்."

அன்றிலிருந்து அவள் பேச்சே மாறிப்போனது. "பெரிய சி, பெரிய ஓ, கீழ சின்னதா ரெண்டு." "அடைப்பு தெற, பெரிய ஓ, பெரிய எச், அடைப்ப மூடு, வெளிய கீழ ரெண்டு." பஸ் ஸ்டாண்டில் இருவரும் இப்படிப் பேசிக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஒரு கண்டக்டர், "இன்னா பாஷைம்மா இது?" என்று கேட்டார்.

பொதுத்தேர்வில் அவள் சொல்வதை எழுத வந்தவர் வேறு பள்ளியைச் சேர்ந்த ஆசிரியர் எழிலரசன். வரலாறு நடத்துகிறவர். பொறுமைசாலி. ஆனால் கட்டாயக் கேள்வியாக மோல் கணக்கு வந்ததும் தயங்கினார். இருபத்தைந்து கிராம் கால்சியம் கார்பனேட்டில் எத்தனை மோல், எத்தனை மூலக்கூறு என்பது கேள்வி.

"இது கணக்கும்மா. வேற எதையாவது முடிச்சிட்டு, நேரம் இருந்தா கடைசியில பாக்கலாமா?"

"இப்பவே எழுதுங்க சார்."

"சூத்திரம், அடுக்கு எல்லாம் வருது. நான் எதாவது தப்பா எழுதிடப் போறேன்."

"நான் சொல்றத மட்டும் எழுதுங்க. தப்பு வந்தா என் தப்பு."

அவள் ஆரம்பித்தாள். மோலார் நிறை நூறு. இருபத்தைந்தை நூறால் வகுத்தால் கால் மோல். கால் மோலை அந்தப் பெரிய எண்ணால் பெருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஆறு புள்ளி பூஜ்யம் இரண்டு மூன்றை நாலால் வகுத்தாள். "ஒண்ணு புள்ளி அஞ்சு பூஜ்யம் அஞ்சு ஏழு அஞ்சு. பெருக்கல் குறி. பத்து. இருபத்திமூணு மேல. சார், அந்த இருபத்திமூணு மேல ஏறியிருக்குதா?"

எழிலரசன் தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "ஏறிடுச்சிம்மா."

"சின்னதா இருக்குதா?"

"சின்னதாவே இருக்குது."

அறிவியலில் எழுபத்தெட்டு வந்தது. மாநிலத்தையே புரட்டிப் போடும் மார்க் இல்லை. ஆனாலும் பதினொன்றாம் வகுப்பில் வேதியியல் இருக்கும் பிரிவில் சேர அது போதும். அவளைவிடக் குறைவாக வாங்கியவர்களுக்கெல்லாம் அந்தப் பிரிவில் இடம் கிடைத்திருந்தது.

மரியசெல்வமும் லூசியும் தலைமையாசிரியர் அறைக்குப் போனபோது ரங்கநாதன் கலைப்பிரிவுக்கான விண்ணப்பத்தைத் தயாராக எடுத்து வைத்திருந்தார்.

"வரலாறு, பொருளாதாரம். நல்லா படிப்பா. காலேஜ் வரைக்கும் சுலபமாப் போயிடலாம்."

"எனக்கு கெமிஸ்ட்ரி வேணும் சார்."

"லேப்ல ஆசிட்டு இருக்குது, கண்ணாடி இருக்குது. கையில ஊத்திக்கினா யாரும்மா பதில் சொல்றது?"

"போன வருஷம் ஒரு அண்ணன் சட்டையப் பொசுக்கிக்கினாரே, அவருக்குக் கண்ணு நல்லாத்தான சார் தெரியும்? அவர கலைப்பிரிவுக்கு அனுப்புனீங்களா?"

ரங்கநாதன் அவளை விட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "மரியசெல்வம், நீங்க பெரியவரு. நீங்களாச்சும் சொல்லுங்க."

மரியசெல்வம் செருப்பில்லாத காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு நின்றார். "சார் நம்ம நல்லதுக்குத்தாம்மா சொல்றாரு. வா, வீட்டுக்குப் போய் யோசிக்கலாம்."

லூசி நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"சரி சார். ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. 'லூசிக்கு மார்க் இருக்குது, ஆனா கண்ணு தெரியாததால இந்தப் பிரிவுல சேக்க முடியாது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் போயிடறேன்."

ரங்கநாதன் கையிலிருந்த பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"அப்பிடியெல்லாம் எழுதித் தர முடியாதும்மா."

"எழுத முடியாதத ஏன் சார் வாயால சொல்றீங்க?"

"லூசி!" என்று அதட்டினார் மரியசெல்வம்.

"நீ போ நைனா. வண்டியில ஆளுங்க காத்துக்கினு இருப்பாங்க. சேத்தா சேர்ந்துட்டு வர்றேன். இல்லன்னா எழுதி வாங்கிக்கினு வர்றேன்."

வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருந்த யாரோ ஹாரனை அழுத்தினார்கள். மரியசெல்வம் வாசல் வரைக்கும் போய், "வேற வண்டி பாத்துக்குங்க, நான் வரக் கொஞ்சம் நேரமாவும்" என்று குரல் கொடுத்தார். திரும்பி வந்து மகளுக்குப் பக்கத்து நாற்காலியில், ரங்கநாதனைப் பார்க்காமல், கூச்சத்தோடு உட்கார்ந்தார். அவர் அந்த அறையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ரங்கநாதன் கவிதா மிஸ்ஸைக் கூப்பிட்டனுப்பினார். "லேப்ல இந்தப் பொண்ண உங்களால பாத்துக்க முடியுமா?" என்று கேட்டார்.

"தெரியல சார். நான் இதுவரைக்கும் பண்ணதில்ல. ஆனா இவள வெளிய அனுப்பிட்டு நான் நிம்மதியா பாடம் நடத்த முடியாது. ஊரெல்லாம் கேள்வி கேட்டுக்கினு இருப்பா."

ரங்கநாதன் சிரிக்கவில்லை. கலைப்பிரிவு விண்ணப்பத்தை எடுத்து மடித்து மேஜை இழுப்பறையில் போட்டார். "காலாண்டுல ஃபெயிலானா நீயா மாறிடணும்" என்றார்.

"ஃபெயிலாவறவங்க எல்லாரையும் மாத்துவீங்களா, என்ன மட்டுமா சார்?"

"கெளம்பும்மா நீ" என்றார் அவர்.

காலாண்டில் அவள் ஃபெயில் ஆகவில்லை. ஆனால் மயிரிழையில்தான் தேறினாள். பதினொன்றாம் வகுப்புப் பாடம் அவள் நினைத்ததைவிடக் கடினம். படங்களும் வளைகோடுகளுமாக வந்த பாடங்களில் தடுமாறினாள். தனகோட்டி வராத நாட்களில் பாடம் கேட்க ஆளில்லாமல் எரிச்சலில் அம்மாவிடம் சண்டை போட்டாள். விட்டுவிடலாமா என்று அம்மா ஒரே ஒரு முறை கேட்டாள், அதற்கப்புறம் கேட்கவில்லை.

செய்முறையில் லூசிக்கும் தனகோட்டிக்கும் ஒரே மேஜை. பியூரெட் என்கிற அளவுக் குழாயிலிருந்து காரம் சொட்டுச் சொட்டாக இறங்க, கீழே கூம்புக் குடுவையில் இருக்கும் அமிலம் இளஞ்சிவப்பாக மாறும் அந்த நிமிடத்தில் நிறுத்த வேண்டும். லூசி குடுவையைச் சுழற்றுவாள். தனகோட்டி நிறம் பார்ப்பாள், அளவு படிப்பாள். கணக்கு லூசியுடையது.

பதினொன்றாம் வகுப்பு முடிகிற சமயத்தில் ஒரு மதியம் தனகோட்டி கொஞ்சம் அசந்துவிட்டாள். நிறம் இளஞ்சிவப்பைத் தாண்டி அடர்ந்துவிட்டது. மறுபடி செய்ய நேரமில்லை.

"பக்கத்து டேபிள்ல சரியா வந்திருக்குதுடி. அவுங்க அளவ எழுதிடலாம்" என்று கிசுகிசுத்தாள் தனகோட்டி.

"நம்ம குடுவையில இன்னா வந்துச்சு?"

சொன்னாள்.

"அதையே எழுது."

"மார்க்கு போவும்டி."

"போவட்டும். அவுங்க அளவுல கணக்குப் போட இங்க நான் எதுக்கு?"

லூசி மனதுக்குள் கணக்குப் போட்டு விடையைச் சொன்னாள். எழுதியதைப் பார்த்த கவிதா மிஸ், "விடை அதிகமா இருக்குதே" என்றார்.

"ஆமாம் மிஸ். நிறம் தாண்டிடுச்சு. கணக்கு சரிதான்" என்றாள் லூசி.

கவிதா மிஸ் படித்துப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அளவுக்கான மார்க்கைக் குறைத்துக்கொண்டு, கணக்குக்கு முழுசாகப் போட்டார். தனகோட்டி உதட்டைப் பிதுக்கினாள். லூசி குடுவையைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். லூசி ஏற வேண்டிய அவலூர்பேட்டை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தனகோட்டி அவள் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கத்தினாள்.

இப்போது லூசி பன்னிரண்டாம் வகுப்பு. கல்லூரியிலும் வேதியியல்தான் என்று சொல்லிவிட்டாள். அங்கே சேர்க்க மாட்டார்கள் என்று இரண்டு பேர் ஏற்கெனவே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களிடமும் அவள் எழுதிக் கொடுக்கச் சொல்லித்தான் கேட்டிருக்கிறாள்.