மச்சினனும் லித்தியம் பேட்டரியும்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. தேனியில் உச்சி வெயிலுக்கு நாய்கூட நிழலை விட்டு நகர மாட்டேன் என்கிறது. இந்த வெயிலிலும் என் பேட்டரி மட்டும் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்தது!

எந்த பேட்டரி என்கிறீர்களா? சொல்கிறேன்.

சமீபத்தில் ஒரு கேம்பர் ட்ரெய்லர் வாங்கினேன். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற குட்டி வீடு. உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல்... அவ்வளவுதான். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ஆசையாக வாங்கி, அலுத்துப்போய் விற்றது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. "என்ன சார், ஐஸ்கிரீம் வண்டியா?" என்று கேட்டவர்களும் உண்டு.

இந்த வயதில் எனக்கு ஏன் இந்த வேலை? காரணம், என் மனைவி ராஜேஸ்வரி.

அவளுக்குத் தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு வருகிறது. முகத்தில் மாஸ்க் மாட்டி, சுவாச மெஷினோடுதான் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெஷினுக்கு ராத்திரி முழுக்கக் கரண்ட் வேண்டும். அன்றிலிருந்து அவள் நம்பி வெளியூரில் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை.

அதில் அவளுக்கு ஒரே ஒரு பெரிய குறை. பங்குனியில் அவள் பிறந்த வீட்டுக் குலசாமி கும்பிடு வரும். பண்ணைப்புரம் தாண்டி மலையடிவாரத்தில், ஒரு தோப்புக்குள் கோயில். அக்கா தங்கச்சிகள், பெரியம்மா பிள்ளைகள் எல்லாரும் பொங்கல் வைத்து, கிடா வெட்டி, அங்கேயே படுத்து எழுந்து வருவார்கள். அங்கே கரண்ட் கிடையாது. மைக் செட்டுக்கு வாடகை ஜெனரேட்டர் வரும். சாமியாட்டம் முடிந்ததும் அதையும் நிறுத்திவிடுவார்கள். ஆகவே இவள் மட்டும் பகலில் போய்ச் சாமியைக் கும்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். திரும்புகிற வழியெல்லாம் காரில் மலைப் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டு வருவாள். எனக்கு அதுதான் தாங்காது.

ட்ரெய்லர் அதற்காகத்தான். கூரையில் இரண்டு சோலார் பேனல், கட்டிலுக்கு அடியில் லித்தியம் பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர்... இவ்வளவையும் நானே மாட்டுவது என்று முடிவு செய்தேன்.

என் மச்சினன் சௌந்தரபாண்டிக்குப் போடி பஜாரில் பேட்டரிக் கடை. தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கிற ஆசிட் பேட்டரிதான் அவனுக்குத் தெய்வம். லித்தியம் என்றதும் பதறிவிட்டான்.

"வேணாம் மச்சான்! போனு வெடிக்குதுன்னு பேப்பர்லயே போடுறாக. அக்கா படுக்குற கட்டிலுக்கு அடியில கொண்டுபோயி அதை வைக்கிறீகளே!"

"இது வேற வகைடா. அவ்வளவு லேசில சூடாகாது."

"என்னமோ செய்யுங்க. நான் வயரைத் தொட மாட்டேன்."

தொடவில்லை. நானேதான் எல்லாம் செய்தேன். கூரையில் ட்ரில் வைத்தேன். ஓட்டை போட்ட இடமெல்லாம் மழைத் தண்ணீர் இறங்காதபடி பசை வைத்து அடைத்தேன். கம்பம் பள்ளத்தாக்குக் காற்றைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே... பேனல் பறந்து ஆண்டிபட்டியில் போய் விழுந்துவிடக் கூடாது என்று போல்ட்டுகளை இரண்டு முறை முறுக்கினேன்.

வேலை முடிந்த அன்று மச்சினன் வந்தான். கோபம் கோபமாகவே இருந்தது. ஆனாலும் கையில் மாலை, எலுமிச்சம்பழம், சந்தனம், விபூதிப் பொட்டலம். பட்டை போட்டுப் பொட்டு வைக்காமல் அவன் கடையிலிருந்து ஒரு பேட்டரியும் படியிறங்காது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் கதவு, டயர், இழுவைக் கொக்கி எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசி முடித்திருந்தான். பக்கத்தில் ஏணி சாய்ந்து நின்றது. என் ஏணிதானே என்று நான் கண்டுகொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது சோதனை. செல்போன் ஆப்பில் பார்த்தால் சார்ஜ் ஏறவே இல்லை. நல்ல வெயிலிலும் பேனலிலிருந்து சொட்டுச் சொட்டாகத்தான் கரண்ட் வந்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்து வயரைக் கழற்றி மாட்டினேன். ஃப்யூஸை மாற்றினேன். வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். ஊஹூம்!

மச்சினன் போனில் சிரித்தான். "சொன்னேன்ல மச்சான்?"

கும்பிடு நெருங்கிவிட்டது. ராஜேஸ்வரி கட்டி வைத்திருந்த பையைப் பிரித்து, சேலைகளைத் திரும்ப பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"விடுங்க. நான் எப்பயும் போல பகல்ல போயிட்டு வந்துர்றேன். மெனக்கெட்டு இம்புட்டுச் செஞ்சீகளே, அதுவே போதும்" என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் மிளகாய் காயப்போட மொட்டை மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து ஒரே சிரிப்பு.

"ஏங்க! இங்கன வாங்க, வந்து பாருங்க! ஒங்க பேனலுக்கு யாரு பட்டை போட்டு விட்டது?"

ஓடினேன். மாடியிலிருந்து குனிந்து பார்த்தால்... ட்ரெய்லர் கூரையில் என் இரண்டு பேனல்களும் சிவப்பழமாகக் காட்சி தருகின்றன! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உள்ளங்கை அகலத்துக்கு மும்மூன்று பட்டை. விபூதியைச் சந்தனத்தோடு குழைத்து, தோசை மாவு பதத்தில் பூசியிருக்கிறான். நடுவில் குங்குமப் பொட்டு வேறு. எல்லாம் வெயிலில் காய்ந்து சுண்ணாம்பாக இறுகியிருந்தது.

பேனலில் குட்டிக் குட்டிக் கட்டங்கள் இருக்கின்றன அல்லவா? ஒரு கட்டத்தை மறைத்தாலே அந்த வரிசை முழுக்க மந்தமாகிவிடும். கல்யாண வீட்டில் ஒரே ஒரு மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் பந்தியே களையிழந்து போகுமே, அதே கதைதான்.

ராஜேஸ்வரியே ஏணியில் ஏறினாள். ஹோஸ் பிடித்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினாள். நான் கீழே செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் பேனல் பளிச்சென்றதும் எண் எகிறியது. இரண்டாவதும் பளிச்சென்றது... தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கூச்சல் போட்டேன். வெட்கப்படவில்லை. பீரோவுக்குள் போன சேலைகள் அன்று மாலையே பைக்குத் திரும்பின.

மச்சினனுக்குப் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"அக்கா தலைக்கு மேல இருக்குற சாமான் மச்சான். மனசு கேக்கல. அதான் கொஞ்சம் கெட்டியாப் பூசிட்டேன்" என்றான்.

அதற்கு மேல் என்ன திட்டுவது?

கும்பிடுக்குப் போனோம். தங்கினோம். விடிந்ததும் ட்ரெய்லர் கதவைத் திறந்துகொண்டு ராஜேஸ்வரி வெளியே வந்தாள். முகத்தில் நல்ல தூக்கம் தூங்கிய தெளிவு. பேட்டரியில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம். வாசலில் மச்சினன், எதற்கும் இருக்கட்டும் என்று கடையிலிருந்து தூக்கி வந்திருந்த பெரிய ஆசிட் பேட்டரி மேலேயே உட்கார்ந்திருந்தான். கண்ணெல்லாம் சிவப்பு.

"அக்கா, நல்லாத் தூங்குனியா?"

"நான் தூங்குனேன். ஏலே, நீ தூங்கலையா?"

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அத்தோடு முடிந்ததா? காலைப் பூஜை நேரத்தில் ஜெனரேட்டர் மக்கர் செய்தது. மைக் செட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு எங்கள் வண்டிப் பக்கம் வந்தார். ஒரு வயர் கொடுத்தோம். மைக் கரகரவென்று உயிர் பெற்றது. அதை முதலில் வாங்கிப் பேசியது யார் தெரியுமா?

"பக்தகோடிகளுக்கு ஓர் அறிவிப்பு! இந்த மைக்கு எங்க மச்சான் வண்டி கரண்டுல ஓடுது! லித்தியம் பேட்டரி! எங்க அக்கா ராத்திரி இங்கனதான் தங்குச்சு!"

தோப்பே திரும்பிப் பார்த்தது. ராஜேஸ்வரி முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் முழுசாகத் தோன்றியது.

கிளம்பும்போது மச்சினன் மறுபடியும் விபூதித் தட்டோடு ட்ரெய்லரைச் சுற்றிச் சுற்றி வந்தான். கையைப் பிடித்துக் கூட்டிப்போய், இங்கே பூசு என்று இழுவைக் கொக்கியைக் காட்டினேன்.

பாசத்தை எவ்வளவு கெட்டியாக வேண்டுமானாலும் பூசுங்கள்... வெயில் வருகிற வழியை மட்டும் விட்டுவிட்டு!