ஹெல்மெட்டில் ஒட்டிய பிளாஸ்திரி

ஊசி போட்ட இடத்தில் ஒட்டுவதற்கு நர்ஸ் பிளாஸ்திரியைக் கிழித்தாள். அந்தச் சத்தத்தில் என் உள்ளங்கை தானாக மூடிக்கொண்டது.

எழுபதுகளில் அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் மெக்கானிக். சோழவரத்துக்குக் கார் பந்தயம் ஓட்டக் கிளம்பும்போதெல்லாம், ஆஸ்பத்திரி வேலையில் இருந்த அம்மா அவர் ஹெல்மெட்டில் பிளாஸ்திரி ஒட்டி ரத்த வகையை எழுதுவாள். அப்படி எழுதினால் அப்பாவுக்கு அடிபட்டு ரத்தம் வந்துவிடும் என்று பயந்து, எட்டு வயதில் ஒருமுறை அதைத் திருட்டுத்தனமாக உரித்துவிட்டேன்.

அப்பாவின் பியட் கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் கேட்டேன்.

“அத எதுக்கும்மா ஒட்ற?”

“அடிபட்டா இன்னா ரத்தம்னு பாத்து ஒடனே ஏத்துவாங்கடி. இல்லன்னா லேட்டாய்டும்.”

அம்மாவிடம் சொல்லவும் பயம். தூக்கத்தில்கூட உரித்த பிளாஸ்திரியைக் கையிலிருந்து விடவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஹாரன் கேட்டது. அப்பா சிரித்தபடி மிட்டாயை நீட்டினார். வாங்கக் கை விரியவில்லை.