பாதி விரல் நீளத் தழும்பு

மலேசியாவில் செலண்டார் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் குலை வெட்டுகிறவன் தங்கையா. பதினெட்டு வருசமாக வெட்டினான், சுமந்தான், லோரியில் தூக்கி எறிந்தான். தொண்ணூற்றாறில், தீபாவளி கழிந்த வாரம், குலையைத் தூக்கும்போது இடுப்பில் மளுக்கென்றது. அப்போது பிடித்தது, இடது காலில் குண்டியிலிருந்து சுண்டுவிரல் வரை, காய்ச்சின கம்பியைச் சொருகின மாதிரி வலி.

மறுநாள் காலைப் பெரட்டு. வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் வரிசையில் நிற்கிற நேரம். வேலை பிரித்துக் கொடுக்கிற மண்டோர் நல்லமுத்துவிடம் லீவு கேட்டான்.

"வலியா? குனிஞ்சு மண்ணைத் தொடு, பாப்போம்."

குனிந்தான். பாதியில் கால் மடங்கி முகம் குப்புற விழுந்தான்.

"என்னமா நடிக்கிறான் பாருங்கலா. எழும்புங்க நடிகரே."

நாற்பது பேர் சிரித்தார்கள். சிரிக்காதவனுக்கு மண்டோர் ஏறி இறங்கி வெட்டுகிற மேட்டுக்காட்டை ஒதுக்கிவிடுவான் என்ற பயமும் இருந்தது. பயமோ என்னமோ, சிரித்தது சிரித்ததுதான். அன்றைக்கே தோட்டத்தில் அவன் பேர் நடிகர் ஆகிவிட்டது. வாயில் போன மண்ணைத் தங்கையா துப்பவில்லை. விழுங்கினான்.

மலாக்கா டவுன் ஃபேக்டரியில் வேலை செய்த மகள் தேவிஸ்ரீதான் டாக்டரிடம் இழுத்துப் போனாள். படம் எடுத்துப் பார்த்துக் கோலாலம்பூருக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆப்பரேஷன் என்றதும் தங்கையா தயங்கினான். பக்கத்து வீட்டு முனுசாமிக்கு முன்னொரு காலத்தில் முதுகில் ஆப்பரேஷன். பாதி முதுகுக்குத் தையல், மூன்று மாசம் படுக்கை, இன்னமும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார்.

கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் திருச்செல்வம் தன் ஆள்காட்டி விரலில் பாதியைக் காட்டினார். "இவ்வளவுதான் வெட்டு. எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒன்னு பிதுங்கி நரம்பை நசுக்குது. சதையை அதிகம் அறுக்காம விலக்கி வச்சு, மைக்ராஸ்கோப்ல பாத்துப் பிதுங்குனதை மட்டும் எடுத்துருவோம். எல்லா முதுகுக்கும் இது ஒத்து வராது. உங்களுக்கு வரும்."

கண் விழித்தபோது முதுகில் வெட்டின வலி இருந்தது. காலில் கம்பி இல்லை. மறுநாள் தானாகக் கக்கூசுக்கு நடந்தான், மூன்றாம் நாள் வீடு. சாமி ஞாபகம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது நல்லமுத்துவின் முகம்.

ஆறு வாரம் கழித்து, பாரம் தூக்கக்கூடாது என்ற கடிதத்தோடு பெரட்டுக்குப் போனான். நல்லமுத்து அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தான்.

"முதுகெலும்பு ஆப்பரேஷனா? முனுசாமி முதுகைப் பாத்திருக்கீங்கள்ல. இது கொசு கடிச்ச தடம்."

மறுபடியும் சிரிப்பு. தையல் நீளமாக இருந்தால்தான் நோய் பெரிசு என்பது தோட்டத்துக் கணக்கு. சீக்கிரம் எழுந்து நடந்ததே அவனுக்குக் குற்றமாகிவிட்டது. கடிதத்துக்காக மேனேஜர் அவனை நாற்றுப் பண்ணைக்கு மாற்றினார். பேர் மட்டும் மாறவில்லை.

அடுத்த வருசம் நல்லமுத்துவுக்கே வந்தது. அதே இடுப்பு, அதே கால். பலகையில் படுத்தவன் எழும்பவில்லை. அவன் பெண்சாதி இந்திராதேவி தங்கையா வீட்டுக்கு வந்தாள். "அண்ணே, எந்த டாக்டர், எங்க போகணும், சொல்லுங்கண்ணே."

"மண்டோரைப் பெரட்டுல வந்து கேக்கச் சொல்லும்மா."

அவள் போனதும் தங்கையாவின் பெண்சாதி முத்தாயி அவனைப் பார்த்தாள். "பாவம்லா."

"பாவம்தான். வரட்டும்."

நாலு நாள் பொறுத்து, ரெண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு நல்லமுத்து வந்தான். வரிசை மொத்தமும் பார்த்தது. தங்கையா கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"குனிஞ்சு மண்ணைத் தொடுங்க மண்டோரே."

குனியப் போனவன் கால்வாசியில் நின்று தூணைப் பிடித்துக்கொண்டான். நெற்றியெல்லாம் வேர்வை.

"நடிக்கிறீங்களா?"

"இல்ல தங்கையா."

"அப்ப அன்னைக்கி நான்?"

"நீயும் நடிக்கல."

"பின்னால நிக்கிறவனுக்குக் கேக்கல."

நல்லமுத்து கத்திச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தங்கையாவுக்கு வேண்டியிருந்தது. சட்டைப் பையிலிருந்து டாக்டரின் பேர் எழுதின காகிதத்தை எடுத்துக் கொடுத்தான். இந்திராதேவி வந்த அன்றைக்கே எழுதி வைத்தது, நாலு நாள் வேர்வையில் மடிப்பு கிழிந்திருந்தது.

ரெண்டு மாசத்தில் நல்லமுத்து கம்பு இல்லாமல், நிமிர்ந்து பெரட்டுக்கு வந்தான். தங்கையா பக்கத்தில் போய் அவன் சட்டையைத் தூக்கினான். பாதி விரல் நீளத் தழும்பு.

"என்ன மண்டோரே," என்றான், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, "கொசு கடிச்சிருச்சா?"

இந்தத் தடவை நாற்பது பேரும் சிரித்தார்கள். நல்லமுத்து சட்டையைத் தானே இழுத்துவிட்டுக்கொண்டான்.