சார்ஜன்ட் அக்காவின் ஒரே கோரிக்கை

பொலிஸைக் கண்டால் பாதையின் மறுபக்கம் மாறிப் போகிற ஆள் நான். கொழும்பில் கடை வேலைக்குப் போன புதிதில் அடையாள அட்டை இல்லாமல் இரண்டு தடவை உள்ளே இருந்திருக்கிறேன். ஒரு தடவை அடித்தார்கள், ஒரு தடவை சோறு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு மட்டக்களப்பில் வயல், புத்தளத்தில் உப்பு, நீர்கொழும்பில் மீன் பெட்டி என்று சுற்றினேன். எந்த ஊரும் ஒரு வருஷத்துக்கு மேல் என்னை வைத்திருக்கவில்லை, அல்லது நான் இருக்கவில்லை. கடைசியில் பதுளைக்கு வந்து பஜாரில் ஒரு முதலாளியின் ஆட்டோவை எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சார்ஜன்ட் அக்கா என் வண்டியில் ஏறினார். ஏறியதும் சொன்ன முதல் வார்த்தை, பின்னால் இடதுபக்க சிக்னல் எரியவில்லை என்பது.

அவர் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர். பொலிஸில் சேர்ந்து சார்ஜன்டாக ஓய்வு பெற்றவர். ஆட்டோவில் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மடியில் ஒரு கறுப்புக் கைப்பை, அதற்குள் ரப்பர் பட்டி போட்ட ஒரு குறிப்புக் கொப்பி. ஓய்வுபெற்ற பொலிஸார் சங்கத்துக்காக அவர் அலைந்த அந்த ஒன்றரை மாதமும் நான்தான் வண்டி ஓட்டினேன்.

இந்த நாட்டில் தோட்டத் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு, ஆசிரியருக்கு உண்டு, ரயில்காரருக்கு உண்டு. சேவையில் இருக்கிற பொலிஸ்காரருக்குக் கிடையாது. குறை இருந்தால் மேலதிகாரியிடம் சொல்லலாம். மேலதிகாரிதான் குறை என்றால் சொல்ல ஆளில்லை. ஆகவே ஓய்வு பெற்றவர்களின் சங்கம்தான் அவர்களுக்கும் வாய். பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேலே உள்ள அறையில் பத்துப் பதினைந்து வயதானவர்கள் கூடுவார்கள். எல்லோரும் ஆண்கள், சார்ஜன்ட் அக்காவைத் தவிர.

அது வரவு செலவுத் திட்டத்துக்காகப் பாராளுமன்றம் கூடியிருந்த நேரம். ஒவ்வோர் அமைச்சாக எடுத்து விவாதிப்பார்கள். பொலிஸுக்குப் பொறுப்பான அமைச்சுக்கு ஒரு நாள் வரும். அன்றைக்கு நம் மாவட்டத்து எம்.பி. ஒருவர் எழுந்து பேசினால் அது சபைப் பதிவான ஹன்சாட்டில் ஏறும், அமைச்சரும் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த நாளை விட்டால் அடுத்த வருஷம்தான். எம்.பி.மார் ஊருக்கு வருவது ஞாயிற்றுக்கிழமைகளில். மூன்று ஞாயிறுகள்தான் இருந்தன.

சங்கம் பதினொரு கோரிக்கைகள் எழுதி வைத்திருந்தது. ஒழுகுகிற விடுதிக் கூரை, சீருடைத் துணி, ஆஸ்பத்திரியில் தனி வரிசை என்று நீளும். சார்ஜன்ட் அக்கா ஒன்றே ஒன்றை மட்டும் கொண்டு போகச் சொன்னார். தோட்டப் பக்கத்து நிலையம் ஒவ்வொன்றிலும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் பொலிஸ் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர், மனுஷன் கெட்டவரில்லை, ஆனால் வாய் சும்மா இருக்காது, பொலிஸ்காரி கட்சி ஆரம்பிக்கப் போகிறாளா என்று சிங்களத்தில் கேட்டார். அறை சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். ஓர் எம்.பி.க்குக் கிடைப்பது ஐந்தாறு நிமிஷம். அதற்குள் பதினொன்றையும் சொன்னால் ஒன்றும் நிற்காது. கூரை அடுத்த வருஷமும் ஒழுகும், அப்போது கேட்கலாம். அரை மணி நேரம் இழுபறிப்பட்டு, கடைசியில் விட்டுக்கொடுத்தார்கள்.

இது அவ்வளவு அவசரமாக இருந்ததற்கு, அவர்களிடம் அவர் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. எனக்குத் தெரியும், நான் வெளியே வண்டியில் இருந்தேன். முந்தின கிழமை ஒரு பேக்கரியின் பின்பக்கம் ஒரு பெண் அவரைப் பார்க்க வந்தாள். சாதாரண உடுப்பில் வந்திருந்தாலும் நிற்கிற விதத்திலேயே பொலிஸ் என்று தெரிந்தது. பதுளையிலிருந்து தூரத்தில், தோட்டங்கள் சூழ்ந்த ஒரு நிலையத்தில் கான்ஸ்டபிள். பெண்கள் சிறுவர் பிரிவில் தமிழ் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளுடைய இரண்டரை வயதுப் பிள்ளை ஹல்துமுல்லையில், ஒரு தோட்டத்தில், அவளுடைய அக்காவிடம் வளர்ந்தது. புருஷன் கட்டாரில். லீவு கேட்கிறபோதெல்லாம் பதிலுக்கு ஆளில்லை என்று கடிதம் திரும்பி வந்தது. பிள்ளையைப் பார்த்து மூன்று மாதமாகியிருந்தது. போனில் முகத்தைக் காட்டினால் பிள்ளை போனைத் திருப்பி அதன் முதுகைப் பார்க்கிறதாம், உள்ளே இருக்கிற ஆள் பின்பக்கமாக வருகிறாளா என்று.

அவள் விலகல் கடிதத்தை எழுதிக் கையில் கொண்டு வந்திருந்தாள். சார்ஜன்ட் அக்கா அதை வாங்கிப் படித்தார், மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"விவாதம் முடியிற வரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்மா. நீ போயிட்டா அந்தப் பொம்பளைங்க யார்கிட்ட போய்ச் சொல்லுவாங்க?"

"எனக்கும் புள்ள இருக்குக்கா."

"தெரியும். அதனாலதான் வாங்கி வைக்கிறேன். கிழிக்கல பாரு."

மனு எழுதுகிற வேலையில் நானும் கை வைத்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், ஆனால் தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரங்கள் நிறைய ஒட்டியிருக்கிறேன், அந்த மாதிரி வசனங்கள் தெரியும். "கண்ணீரில் மிதக்கும் மலையகப் பெண்கள்" என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் முழுவதையும் பொறுமையாகப் படித்தார். பிறகு, யார் மிதந்தது, எத்தனை மணிக்கு, நீ பார்த்தாயா என்று கேட்டார். நாளைக்குக் காலையில் வண்டியைக் கொண்டு வா என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. அந்தக் கான்ஸ்டபிளை வேறொரு ஊர் நீதிமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அக்கா அந்த நிலையத்துக்குப் போய், முறைப்பாட்டுக்கு வருகிறவர்கள் உட்காருகிற வாங்கில் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தார். வாங்கில் யாரும் உட்காரலாம், அதற்கு அனுமதி தேவையில்லை. நான் எதிரே பாதையோரம் வண்டியை நிறுத்தியிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து தோட்டத்துப் பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேரிடம் நாளைக்கு வரச் சொன்னார்கள். கூலி நாளை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தவர்கள், அப்படியே திரும்பிப் போனார்கள். பேருக்குப் பக்கத்தில் வந்த நேரமும் போன நேரமும் கொப்பியில் ஏறின.

மூன்றாவது பெண் வந்தபோது அக்கா மாத்திரை போடுவதற்காகப் பக்கத்து டீக்கடைக்குப் போயிருந்தார். ஒரு பொலிஸ்காரர் பாதைக்கு வந்து, தமிழும் சிங்களமும் தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியும் என்றேன். உள்ளே கூப்பிட்டார். பழைய ஞாபகத்தில், சட்டைப் பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு போனேன்.

அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். புருஷன் செய்ததைச் சொன்னாள். மேசையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். நான் சிங்களத்தில், அடித்தான் என்றேன். அவள் இன்னும் சொன்னாள். நான் மறுபடியும், அடித்தான், மோசமாக அடித்தான் என்றேன். எழுதினார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

வெளியே வந்தபோது அக்கா வாசலில் நின்றார். அந்தப் பெண்ணைக் கூரைக்குக் கீழே ஓர் ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசினார். திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"அவ சொன்னதுல பாதிய விட்டுட்ட தம்பி."

"ஆமாக்கா."

"ஏன்?"

"வாயில வரல."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய், தன் பழைய பொலிஸ் இலக்கத்தைச் சொல்லி, அந்த வாக்குமூலத்தை ஆரம்பத்திலிருந்து திரும்ப எழுதவைத்தார். ஒரு மணி நேரம் எடுத்தது. மேசையிலிருந்த இளம் அதிகாரி மரியாதையாகவே நடந்துகொண்டார். தனக்கு வேறு வழி தெரியவில்லை, ஆட்டோக்காரரைத்தான் எப்போதும் கூப்பிடுகிறோம் என்றார். அதையும் அக்கா எழுதிக்கொண்டார். திரும்பி வருகிற வழியில், உன்னைப் பற்றியும் எழுதலாமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். ஒரு மைல் தூரம் வரை அவமானமாக இருந்தது, பிறகு இல்லை.

மனு ஒரே பக்கம், தமிழில் ஒரு பிரதி, சிங்களத்தில் ஒரு பிரதி. பொலிஸ் புத்தகத்தில் பதிகிற மாதிரி நேரமும் நடந்ததும் மட்டும். பெண்களின் பேர்களை எடுத்துவிட்டார், நிலையத்தின் பேரும் இல்லை. நடுவில் இப்படி இருந்தது: முற்பகல் 11.15. மொழிபெயர்ப்பாளர், முச்சக்கரவண்டிச் சாரதி, ஆண், எட்டாம் வகுப்பு. பெண் சொன்னதில் பாதியை மொழிபெயர்க்கவில்லை. காரணம் கேட்டதற்கு, வாயில வரல என்றார்.

முதல் ஞாயிறு ஒரு தமிழ் எம்.பி.யின் வீடு. நல்ல கூட்டம். செயலாளர் மனுவை வாங்கி, மற்றக் கடிதங்களோடு ஒரு கல்லுக்குக் கீழே வைத்தார். கல் வைத்த காகிதம் பறக்காது, நகரவும் நகராது என்று அக்கா வண்டியில் சொன்னார். இரண்டாவது ஞாயிறு ஒருவர் வீட்டில் இல்லை, இன்னொருவர் வாசலிலேயே தலையாட்டி அனுப்பிவிட்டார். அக்கா சலித்துக்கொள்ளவில்லை. இரண்டு இடத்திலும் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் எழுதினார். கான்ஸ்டபிள் அன்று மாலை போன் பண்ணிக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டாள். இன்னும் ஒரு ஞாயிறு இருக்கிறது என்றார்.

மூன்றாவது ஞாயிறு, புதிதாகத் தெரிவாகியிருந்த ஒரு சிங்கள எம்.பி. சாரத்தோடு ஈரமான முற்றத்தில் நின்று, வடிகாலில் அடைத்த இலைகளைத் தும்புத்தடியால் தள்ளிக்கொண்டிருந்தார். சிங்களத்தில்தான் பேச்சு. எந்த நிலையம் என்று முதலில் கேட்டார். அதைச் சொன்னால் நாளைக்கே அங்கே இருக்கிற ஒரு பொலிஸ் பிள்ளையை யானை உலாவுகிற ஊருக்கு மாற்றிவிடுவார்கள் சேர், அதனால் சொல்லமாட்டேன் என்றார் அக்கா. அவர் மனுவைப் படித்தார். எட்டாம் வகுப்பு என்ற இடத்தில் சிரித்தார். அடுத்த வரிக்குப் போனார், சிரிப்பு நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, இந்த ஆளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்னத்தை விட்டாய் என்று கேட்டார். இப்போதும் வாயில் வராது சேர் என்றேன். அவர் தும்புத்தடியைச் சுவரில் சாய்த்தார். பிறகு மனுவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டார்.

"பாத்தியா, செயலாளர் கையில கொடுக்கல," என்றார் அக்கா வண்டியில். அந்த ஒன்றரை மாதத்தில் அவர் முகத்தில் நான் பார்த்த முதல் தெளிவு அது.

விவாத நாளன்று துணிக்கடை மேல்மாடியில் எல்லோரும் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்தோம். படம் நின்று நின்று ஓடியது. அந்த எம்.பி. எழுந்து பாதை, பாலம், போதைப்பொருள் என்று பேசிக்கொண்டே போனார். சபைக்குத் தலைமை வகித்தவர் நேரம் முடிகிறது என்றார். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து, முடிந்தது கதை என்றார். அப்போதுதான் எம்.பி. சட்டைப் பையில் கை விட்டார். முழுவதையும் வாசிக்க நேரமில்லை. 11.15 மட்டும் வாசித்தார். சிங்களப் பிரதியிலும் அக்கா தமிழாகவே விட்டிருந்த கடைசி இரண்டு வார்த்தையை அப்படியே சொன்னார், சிங்கள நாக்கில். "வாயில வரல." சபையில் யாரோ பேசிக்கொண்டிருந்த சத்தம் நின்றது போல எனக்குப் பட்டது. நம் போனில் தொடர்பு போனதாகவும் இருக்கலாம். மாலையில் அமைச்சர் பதில் சொல்லும்போது அதைக் கவனிப்பதாக ஒரு வரி சொன்னார். அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் எழுந்து போய் எல்லோருக்கும் டீ சொன்னார். மிச்சம் பத்துக் கோரிக்கையும் அப்படியே கிடக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே முதல் கோப்பையை அக்காவின் முன்னால் வைத்தார்.

ஏழெட்டுக் கிழமை கழித்து, மேலிடம் எல்லா நிலையங்களிலும் ஆள்கணக்கு எடுத்த பிறகு, அந்த நிலையத்துக்குத் தமிழ் தெரிந்த இன்னொரு பெண் கான்ஸ்டபிள் வந்தாள். மற்ற நிலையங்களுக்கு யாரும் வரவில்லை. வந்தவளையும் வேறொரு நிலையத்திலிருந்துதான் எடுத்திருந்தார்கள், அங்கே இப்போது ஒருத்தி குறைவு. அக்காவுக்கு அது தெரியும். கொப்பியில் அந்த நிலையத்துக்கு ஒரு புதுப் பக்கம் திறந்திருந்தார்.

கான்ஸ்டபிளுக்கு ஐந்து நாள் லீவு கிடைத்தது. ஹல்துமுல்லைக்கு நான்தான் ஓட்டினேன், அக்காவும் வந்தார். பெரகலையைத் தாண்டிய இறக்கத்தில் அக்கா கைப்பையைத் திறந்து கடிதத்தை நீட்டினார்.

"இந்தாம்மா. என் பேக்குல இடமில்ல."

"உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. திரும்பக் கேக்க மாட்டேன்."

"அதெல்லாம் வேணாம். உன் கடிதம், நீயே வச்சுக்க. கொடுக்கிறதும் கிழிக்கிறதும் உன் இஷ்டம்."

அவள் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கிழிக்கவில்லை.

லயத்து வாசலில் பிள்ளை பெரியம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கான்ஸ்டபிள் ஓடிப்போய்த் தூக்கவில்லை. படியில் உட்கார்ந்து, கொண்டு வந்த தோடம்பழத்தை உரிக்கத் தொடங்கினாள். பிள்ளையைப் பார்க்கவே இல்லை. நாங்கள் வண்டியிலேயே இருந்தோம். முதலில் ஒரு கை சேலைக்கு வெளியே வந்தது. ஒரு சுளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. இரண்டாவது சுளைக்குப் பிள்ளையே வந்தது. அவள் முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தது, பிறகு சுற்றிப் போய் அவள் முதுகைப் பார்த்தது. முதுகும் இருக்கிறது என்று கண்டுகொண்ட பிறகுதான் மடியில் ஏறியது.

பின் சீட்டில் ரப்பர் பட்டி கழற்றுகிற சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். பிற்பகல் 3.50. அதற்குப் பக்கத்தில் என்ன எழுதினார் என்று தெரியவில்லை, ஒரு வரிதான். பிறகு டீ கொண்டு வந்தார்கள். குடித்துவிட்டுப் புறப்பட்டோம். பெரகலை ஏற்றத்தில் பனி இறங்குவதற்குள் மேலே வந்துவிட வேண்டும்.