சாராள் கற்ற பயம்

பழவேற்காடு ஏரிக்குள் தீவாக இருந்த ஒரு மீனவக் குப்பத்தில், செங்கம்மாளின் குடிசைத் தரையில் சாராள் நர்ஸ் மண்டியிட்டிருந்தாள். வருடம் 1971, சித்திரை வெயில். பிள்ளை பிறந்து வெகுநேரமாகியும் நஞ்சுப்பை வெளியே விழவில்லை. நஞ்சு விழாமல் தொப்புள்கொடியை அறுப்பது அங்கே வழக்கமில்லை. அறுத்தால் கொடி உள்ளே ஏறி நெஞ்சை அடைத்துவிடும் என்று நம்பினார்கள். அதனால் பிள்ளை இன்னும் கொடியோடு, தாயின் கால்மாட்டில் பழந்துணியில் கிடந்தது. கொடி ஏறிவிடாதபடி அதைத் தாயின் தொடையோடு சேர்த்துக் கட்டியிருந்தாள் மாமியார் எல்லம்மா. ஓங்கரித்தால் நஞ்சு விழும் என்று மருமகளின் கூந்தலை அவள் வாயிலேயே திணித்து ஓங்கரிக்கவும் வைத்துப் பார்த்துவிட்டாள். பிறகுதான் நர்சுக்கு ஆள் போனது.

சாராள் கொடியைக் கட்டி, காய்ச்சி எடுத்த கத்தரியால் அறுத்தாள். எல்லம்மா மாரில் அடித்துக்கொண்டாள். நெஞ்சை அடைக்கவில்லை. ஆனால் ரத்தம் வரத் தொடங்கியது. ஊசி போட்டும் நிற்கவில்லை.

"இன்னா நர்சம்மா, பாத்துக்கினே குந்திக்கினு இருக்கே? புடிச்சி இழு. நீ வராம இருந்தா நானே இழுத்துப் போட்டிருப்பேன்."

"இழுக்கக் கூடாது பெரீம்மா."

"அப்ப கையி உட்டு எடு."

"அதுக்கு டாக்டரு வேணும். எனக்குத் தெரியாது."

எல்லம்மா வெளியே நின்ற மகனைப் பார்த்துக் கத்தினாள்: "கேட்டியாடா துலுக்காணம்! ரெண்டு வருசம் படிச்சிட்டு வந்து தெரியாதுன்றாடா! இதுக்கு வெள்ளைச் சேலை வேற!"

சோழவரத்துப் பக்கம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம் சாராளுடையது. படிப்பு பயத்தைப் போக்கும் என்று நம்பித்தான் பயிற்சிக்குப் போனாள். அங்கே வார்டில் ஒருத்தி சாவதைக் கண்ணால் பார்த்தாள். வீட்டில் கொடியை இழுத்ததில் கர்ப்பப்பை வெளியே வந்த நிலையில் அவளைக் கொண்டுவந்திருந்தார்கள். இழுத்தவளும் கூடவே வந்திருந்தாள், என்ன செய்தோம் என்றே தெரியாமல். அவளுக்குப் பயமே இல்லை. எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று தெரிந்த பிறகுதான் சாராளுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. நோயாளி முன்னால் பயத்தைக் காட்டக் கூடாது என்பதும் பாடம். அதை அவளால் முழுதாகக் கற்க முடியவில்லை.

வாசலில் நின்ற செங்கம்மாளின் புருஷன் துலுக்காணத்திடம், "படகை எடுங்கண்ணா. பொன்னேரி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவணும்" என்றாள்.

"பெத்த ஒடம்ப எப்பிடிம்மா படகுல ஏத்தறது? தீட்டு. அப்பறம் மீனே படாது. அண்ணனுக்கும் பாதி பங்கு இருக்குது அதுல."

"இங்கயே வச்சிருந்தா செத்துடுவாங்கண்ணா."

குரல் உடைந்தது. அதுவரை அவளை வெள்ளைச் சேலையாக மட்டுமே பார்த்திருந்த துலுக்காணம், முதல்முறையாக முகத்தைப் பார்த்தான். அவள் உதடு வெளுத்திருந்தது. தன் தாய் கத்தியபோது அசையாதவன், நர்சே பயப்படுகிறாள் என்று கண்டதும் கரைக்கு ஓடினான்.

கோடை ஏரி. இடுப்பளவுத் தண்ணீர்கூடப் பல இடங்களில் இல்லை. துலுக்காணமும் அண்ணனும் கழி ஊன்றித் தள்ளினார்கள். எல்லம்மா பேரனை மடியில் போட்டு வாய்க்குள் அம்மனைக் கூப்பிட்டபடி இருந்தாள். சாராள் செங்கம்மாளின் அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். கைக்குக் கீழே கர்ப்பப்பை கல்லாக இறுகும். கொஞ்ச நேரத்தில் மாவாக நெகிழும். நெகிழும்போதெல்லாம் அவளுக்கும் உயிர் நழுவியது. நடு ஏரியில் படகு சேற்றில் தட்டி நின்றது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். செங்கம்மாளின் கண் செருகியது.

"ஏ செங்கம்மா! தூங்காதே! பேசு, எதுனா பேசு!"

"மெதுவா தேய் நர்சம்மா... வலிக்குது" என்றாள் அவள். உலகத்தில் அதைவிட நல்ல சொல்லைச் சாராள் கேட்டதில்லை. அதற்குப் பிறகு செங்கம்மாளுக்கு நினைவு தப்பியது.

பழவேற்காட்டுக் கரையில் ஜீப் கிடைத்தது. பொன்னேரியில் டாக்டர் சாராளை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. நஞ்சை எடுத்தாகிவிட்டது, நாடி இருக்கிறது, ரத்தம் வேண்டும், அண்ணன் தம்பி இருவரும் உள்ளே வரட்டும் என்றார். 

மூன்றாம் நாள் செங்கம்மாள் கஞ்சி குடித்தாள். வராந்தாவில் எல்லம்மா சாராளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் ஏன்டி கையி நடுங்குது? அதான் பொழைச்சிக்கினாளே."

"நடு ஏரியில உசிரு போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க பெரீம்மா?"

"உன்னைத் தண்ணியிலயே அமுக்கியிருப்பேன்" என்றாள் எல்லம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் பொய் சொல்லவில்லை.

அந்த ஆடியில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு முதல் வலி கண்டதுமே எல்லம்மா நேரில் வந்து கூப்பிட்டாள். சாராள் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். பெருமையாக இல்லை. இனி ஏதாவது ஆனால், நேரம் கடந்து கூப்பிட்டார்கள் என்று யாரையும் கைகாட்ட முடியாது. ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று மட்டும் போகிற வழியில் பார்த்துவைத்துக்கொண்டாள்.