வையாபுரியண்ணனின் சந்தேகங்கள்

வையாபுரியண்ணன் இறந்துவிட்டார் என்று டாக்சி ஸ்டாண்டுக்குப் போன் வந்தபோது, "யார் சொன்னது? நேரில் பார்த்தீங்களா?" என்றுதான் கேட்டேன். மறுமுனையில் பேசியது அவருடைய மகன். அப்பாவைப் பறிகொடுத்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்பா இருந்திருந்தா இதத்தானுங்க கேட்டிருப்பாரு" என்றான். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

ஆட்டையாம்பட்டிச் சாலையில், தேய்ந்த என்ஜின் சிலிண்டரைக் கடைந்து சரிசெய்ய அவர் வைத்திருந்த ரீபோர் பட்டறைக்குப் போய்வந்தவர்களுக்கு அவர் குணம் தெரியும். புது பேரிங்கை டப்பாவிலிருந்து எடுத்ததும் முகர்ந்து பார்ப்பார். டீயில் நுரை அதிகமிருந்தால், "எதுக்குங்க இத்தன நொர? அடியில என்ன கொறையுது?" என்று கடைக்காரரை மடக்குவார். "ஒருத்தரு ஒரு சாமான நல்லதுன்னு சொன்னா, அது அவரு ஊட்ல எத்தன நாளாக் கெடக்குதுன்னு மொதல்ல கேளுங்க" என்பது அவர் அடிக்கடி சொல்வது. பழகப் பழக எனக்கும் அந்த வியாதி ஒட்டிக்கொண்டது.

என் பிழைப்பு ஓர் அம்பாசடர் கார். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஆளேற்றிப் போவேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அது மலையில் திணற ஆரம்பித்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பயணிகளை இறக்கி நடக்கவிட்ட நாளும் உண்டு. அப்படி நடந்தவர்கள் திரும்ப என் வண்டியில் ஏறுவார்களா? இன்னொரு சீசன் இப்படியே போனால் வண்டியை விற்றுவிட்டு, வேறொருவர் காருக்கு டிரைவராகப் போக வேண்டியதுதான் என்ற நிலை.

அப்போது பார்த்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பந்தயக் கார்களோடு திரிந்துவிட்டு வந்த ஒருவர், ஆஸ்பத்திரியில் மயக்கத்துக்குக் கொடுக்கிற நைட்ரஸ் வாயுவை என்ஜினுக்குள் விட்டால் வண்டி பறக்கும் என்றார். போர்வெல் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் ஒருவர், புகை போகிற வேகத்திலேயே சுழன்று காற்றை உள்ளே திணிக்கும் டர்போவைக் காட்டினார். என் மனைவியின் அண்ணனோ, அதாவது என் மச்சான், என்ஜினே பெல்ட் போட்டுச் சுற்றும் சூப்பர்சார்ஜர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "பம்பாய்ல இருந்து நேத்துத்தான் எறங்குச்சு, மாப்ள!"

வையாபுரியண்ணன் எல்லாவற்றையும் கேட்டார். "வாயு உருளை பாதி மலையில தீந்துட்டா? அதுக்குத் தக்கன பெட்ரோலு பத்தலைன்னா பிஸ்டன் உருகுமுங்க. டர்போ நல்ல வேகத்துல சுத்துனாத்தான் ஊதும். வளைவுல நீங்க ஊர்ந்துதானுங்க போறீங்க?" என்றார். மச்சானின் சாமானைத் திருப்பிப் பார்த்து, மடிப்பில் காய்ந்திருந்ததை நகத்தால் சுரண்டினார். "மலைக்கு மூணுல இதுதானுங்க பொருத்தம். ஆனா பம்பாய்க் கோழியும் நம்மூருக் கோழியாட்டமேதான் எச்சம் போடுமுங்களா?" மச்சான் முகம் கறுத்தது. நாமக்கல்லில் அவருக்குக் கோழிப்பண்ணை இருந்தது.

பெண் கொடுத்த வீட்டை முறைத்துக்கொள்ள முடியுமா? எங்கள் வழக்கப்படி குலசாமி கோயிலில் பூவாக்குக் கேட்டு முடிவு செய்துகொள்ளலாம் என்று மச்சானே வழி சொன்னார். நைட்ரஸுக்கு வெள்ளை அரளி, டர்போவுக்குச் செவ்வரளி, சூப்பர்சார்ஜருக்கு மஞ்சள் சாமந்தி. தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி காலடியில் வைத்தால், பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். மற்றவற்றைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிடுவோம். அதுதான் முறை. பூ வாங்கி மடித்து வந்ததும் மச்சான்தான்.

பூசாரி பிரித்தார். சாமந்தி. மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கூடவே வந்து வாசலோரம் நின்றிருந்த வையாபுரியண்ணன், "மத்ததையும் பிரிச்சுருங்க, சாமி" என்றார். பூசாரிக்கு வந்ததே கோபம்! "சாமிய சோதிக்கறீங்களா?" என்று கத்தினார். "சாமிய இல்லீங்க, மடிச்சவரத்தானுங்க" என்றார் இவர். யாரும் கை நீட்டவில்லை. என் மனைவிதான் போய் இரண்டு பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்தாள். இரண்டிலும் சாமந்தி. "ஏண்ணா, சாமிகிட்டயேவா?" என்று மட்டும் கேட்டாள். மச்சான் செருப்பைத் தேடிப் போனார்.

வெளியே வந்ததும் வையாபுரியண்ணன், "எனக்கென்னமோ என்ஜினே தேஞ்சு போயிருக்குமுன்னு தோணுதுங்க. மொதல்ல ரீபோர் பண்ணுங்க" என்றார். எனக்கு இருந்த எரிச்சலில், "ரீபோர் உங்க தொழிலாச்சுங்களே?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. "இப்பத்தான் சரியாக் கேட்டீங்க. என்னைய நம்பாதீங்க, வாங்க" என்று காரிடம் கூட்டிப்போனார். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் என் கட்டைவிரலை வைத்து அழுத்தச் சொல்லி, முன்னால் நின்று ஹாண்டில் போட்டுச் சுற்றினார். முதல் துளையில் காற்று விரலை எகிறித் தள்ளியது. மூன்றாவதில் குழந்தை ஊதுகிற அளவுகூட இல்லை. "இந்த ஓட்டையில எதத் திணிச்சு என்னங்க பிரயோசனம்?" என்றார். வேலையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அயோத்தியாப்பட்டணத்தில் வேறொரு பட்டறைக்கு அனுப்பினார். அங்கேயும் அதையே சொன்னார்கள் என்றதும், "அவரும் ரீபோர்க்காரருதானுங்களே?" என்று அதையும் சந்தேகப்பட்டார்.

அங்கேயே ரீபோர் முடிந்து வண்டி தயாரானபோது புது பிரேக் லைனிங் போடாமல் மலைக்கு எடுக்கக் கூடாது என்று மறித்தார். "ஏறறதுக்கு மூணு பேரு வழி சொன்னாங்க. எறங்கறதுக்கு ஒருத்தராச்சும் சொன்னாங்களா?" எனக்கு அது உறைத்தது. போட்டேன். பிறகு, கண்ணால் பார்க்காமல் ஒப்பமாட்டேன் என்று அவரே முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பின்னால் ஆள் நிறைந்திருந்தும் எந்த வளைவிலும் வண்டி நிற்கவில்லை. ஏறுகிற வரை என்ஜின் சத்தத்துக்கே காதைக் கொடுத்திருந்தார்.

எனக்கு வண்டியை மீட்டுக் கொடுத்தவர் அவர். எழவு வீட்டில் அவரைப் பற்றிப் பலரும் பலவிதமாகப் புகழ்ந்தார்கள். நான் பாதியைத்தான் நம்பினேன். என்னிடம் மிஞ்சியிருப்பது வேறு. அன்று இறங்கும்போது, பிரேக்கைப் பற்றி என்ன சொல்லப்போகிறாரோ என்று பயந்துகொண்டே முதல் வளைவைத் திருப்பினேன். இரண்டாவதைத் திருப்பினேன். பேச்சையே காணோம். திரும்பிப் பார்த்தேன். டீயின் நுரையைக்கூட நம்பாத மனிதர், கதவில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, மலையடிவாரம் வரைக்கும் நன்றாகத் தூங்கிக்கொண்டு வந்தார்.